பேரரசுகள் விட்டுச் சென்றவை

பேரரசு ஒன்றின் பெருமையை அது வென்ற நிலப்பரப்பைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. எனினும் அது எதனால் வளர்ந்தது, எதனால் தளர்ந்தது, எதனை விட்டுச் சென்றது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதன் தகுதி துலங்கும். இடைக்கால ஆசியாவின் சோழர், பொலனறுவை வேந்தர், மொங்கோலியர் ஆகிய மூவரையும் இவ்வகையில் ஒப்பு நோக்குவோம்.

சோழரின் வலிமை கடற்படையிலும் ஊராட்சியிலும் இருந்தது. முதலாம் இராசராசன் காலத்தில் வட இலங்கை சோழர் வசமாயிற்று. அவன் மகன் இராசேந்திரனின் கலங்கள் 1025ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிசயம் வரை சென்றன. ஊர்களிலோ சபைகள் தம் கருமங்களைத் தாமே நடத்தின. குடவோலை முறையை உத்தரமேரூர்க் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. ஆயினும் கடல் கடந்த ஆட்சி தாயகத்தின் அமைதியைச் சார்ந்தே நின்றது. அங்கே அரியணைச் சிக்கல் எழுந்த 1070ஆம் ஆண்டில் முதலாம் விசயபாகு சோழரை இலங்கையினின்றும் அகற்றினான்.

பொலனறுவையின் வலிமை நீர். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தன் பெயரால் வழங்கும் பெருங்குளத்தை அமைத்தான். பர்மாவுக்கும் பாண்டிநாட்டுக்கும் படையனுப்பினான். ஆனால் அனைத்தையும் ஒரே கரம் தாங்கியமையால், அக்கரம் ஓய்ந்ததும் அரசு தடுமாறியது. அவன் அரசி லீலாவதி மும்முறை அரியணை ஏறினாள், மும்முறையும் இறக்கப்பட்டாள். 1215இல் கலிங்க மாகன் படையெடுத்து வந்தான். பின்னர் தலைநகர் தம்பதெனியாவுக்கு இடம் பெயர்ந்தது; பேணுவாரற்ற குளங்கள் பல காலப்போக்கில் காடேறின.

மொங்கோலியரின் வலிமை குதிரையும் விரைவும். 1206இல் செங்கிசுகான் தொடங்கிய பேரரசு 1258இல் பக்தாதை வீழ்த்தியது. 1279இல் சீனத்துச் சொங் அரசை முடித்தது. இடையிடையே குதிரை மாற்றும் நிலையங்களால் செய்தியும் வணிகமும் கண்டம் கடந்து சென்றன. எனினும் வாரிசுப் பூசலால் அப்பெருநிலம் நான்காகப் பிரிந்தது.

மூன்று அரசுகளுக்கும் பொதுவான குறை ஒன்று இங்கே புலனாகின்றது: அடுத்து ஆள்பவர் யார் என்பதை அமைதியாகத் தீர்க்கும் வழி எதனிடமும் உறுதியாக இருக்கவில்லை.

எஞ்சியவை எவை? கலேவெலவில் வாழ்வோர் அவற்றைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நிசங்கமல்லன் பொன் பூசுவித்த புத்தர் சிலைகள் தம்புள்ளைக் குகைகளில் உள்ளன. அதே மாத்தளை மாவட்டத்தின் நாலந்தாவில், திராவிடச் சிற்ப முறையில் எழுந்த பௌத்த ஆலயம் நிற்கின்றது. பொலனறுவையில் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதைத் தமிழ்க் கல்வெட்டே சான்று பகர்கின்றது. பகைவராக மட்டுமே காட்டப்படும் இரு மக்கள் கலையாலும் காவலாலும் கலந்து வாழ்ந்தமைக்கு இவை சாட்சி.

வாளால் பெற்ற எல்லைகள் மறைந்தன. புதுப்பிக்கப்பட்ட பராக்கிரம சமுத்திரமோ இன்றும் வயலுக்கு நீர் தருகின்றது. உழவனுக்குப் பயன்பட்டதே பேரரசின் நிலைத்த பகுதி என்பது வரலாறு தரும் தீர்ப்பு.