பறக்குற படகு... உடையுற எல்லை!

காத்துல ஓடுற படகு, காத்தைவிட வேகமா ஓட முடியுமா? ‘சான்ஸே இல்ல பாஸ்’னு சொல்றவங்க, அமெரிக்கா கப் பாய்மரப் படகுப் போட்டியை ஒரு தடவையாவது பார்க்கணும். 1851-ல் ஆரம்பிச்ச போட்டி. மாடர்ன் ஒலிம்பிக்ஸுக்கே சீனியர்! இன்னிக்கு அதுல ஓடுற படகுகள், 15 நாட் வேகத்துல காத்து அடிச்சா 40 நாட் வேகத்துல சீறுது. ஒரு நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர். கணக்குப் போட்டா 74 கிலோமீட்டர்... இன்ஜினோட உதவியே இல்லாம!

ஆனா, இந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கு. சில சமயம் படகு, சில சமயம் உயிர்.

தண்ணிதான் முதல் வில்லன்

சாதாரணப் படகு தண்ணியைத் தள்ளிக்கிட்டே போகும்போது தனக்குத்தானே ஒரு அலையை உண்டாக்கும். வேகம் கூடக்கூட அந்த அலையும் நீளும். ஒரு கட்டத்துல, தான் கிளப்பின அலை மேலேயே தான் ஏற வேண்டிய பரிதாப நிலை! 72 அடி நீளப் படகுக்கு அந்த எல்லை சுமார் 11 நாட். அதுக்கு மேல போகணும்னா தண்ணியை விட்டு வெளியே வந்துடணும்.

அதுக்குத்தான் ஃபாயில். தண்ணிக்கு அடியில இருக்குற குட்டி விமான இறக்கை. ஓடுற பஸ்ல கையை வெளியே நீட்டி லேசா சாய்ச்சா, காத்து கையை மேல தூக்கும் இல்லையா? (டிரை பண்ணாதீங்க, கண்டக்டர் திட்டுவார்!) அதே கதைதான். தண்ணி, காத்தைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதனால சின்ன இறக்கையே டன் கணக்கான படகைத் தூக்கிடும். வேகம் ரெண்டு மடங்கானா, தூக்குற விசை நாலு மடங்கு. வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

கொதிக்கிற கடல்

சுமார் 50 நாட்-ஐ நெருங்கும்போது இன்னொரு சுவர். இறக்கையோட மேல்பக்கத்துல அழுத்தம் படுபயங்கரமாக் குறைஞ்சு, பச்சைத் தண்ணியே ஆவியாகிக் குமிழி விடும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிக்கிறவங்களுக்குத் தெரியும்... கேவிட்டேஷன்! தூக்கும் விசை சடார்னு சரியும், உராய்வு எகிறும். 2012 நவம்பர்ல நமீபியாவின் வால்விஸ் பே கடல்ல, பால் லார்சன் ‘வெஸ்டாஸ் செயில்ராக்கெட் 2’ படகுல 500 மீட்டர் தூரத்தை 65.45 நாட் சராசரியில கடந்து உலக சாதனை செஞ்சார். அதாவது, மணிக்கு 121 கிலோமீட்டர். எப்படி? குமிழியோட சண்டை போடாம, குமிழி வந்தாலும் வேலை செய்யுற மாதிரியே இறக்கையை வடிவமைச்சாங்க.

ரெண்டா ஒடிஞ்ச படகு

1995 மார்ச் 5. அமெரிக்காவின் சான் டியேகோ கடல். நியூசிலாந்துக்கு எதிரா ஓடிக்கிட்டிருந்த ‘ஒன்ஆஸ்திரேலியா’ படகு, வாழைப்பழம் ஒடிஞ்ச மாதிரி நடுவுல மடங்குச்சு. மூணு நிமிஷம் ஆகுறதுக்குள்ள கடலுக்கு அடியில! அதுல இருந்த 17 பேரும் தண்ணியில குதிச்சுத் தப்பிச்சாங்க.

இந்த ரகப் படகுகளோட எடையில பெரும்பகுதி, அடியில தொங்குற ஈயக் குண்டுதான். உடம்புல மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு கிலோவையும் குண்டுல சேர்த்தா, படகு சாயாம நிக்கும், ஜெயிக்கும். அதனால டிசைனர்கள் உடம்பை மெலிய வைச்சுக்கிட்டே போவாங்க. இரும்பா இருந்தா வளைஞ்சு நெளிஞ்சு, ‘நான் போகப்போறேன்’னு சிக்னல் கொடுக்கும். கார்பன் ஃபைபர் அப்படியில்ல. கடைசி நொடி வரைக்கும் கம்பீரமா நின்னு, பட்டுனு போயிடும்.

ஒரு திருப்பம்... ஒரு உயிர்

2013 மே 9. சான் பிரான்சிஸ்கோ விரிகுடா. ஸ்வீடனின் ஆர்டிமிஸ் அணி பயிற்சியில இருந்தது. 72 அடி நீளம், 40 மீட்டர் உயரத்துக்கு விறைப்பான இறக்கைப் பாய். காத்தை எதிர்த்துப் போன படகை, காத்தோட போக்குல திருப்பினப்போ மூக்கு தண்ணியில குத்தி, உடைஞ்சு கவிழ்ந்தது. 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸ் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் அடியில மாட்டிக்கிட்டார். காப்பாத்த முடியல. வயசு 36.

ஏன் அந்தத் திருப்பம் மட்டும் ஆபத்து? பைக்ல ஃப்ரன்ட் பிரேக்கை மட்டும் சடக்குனு பிடிச்சா என்ன ஆகும்? அதேதான். உயரத்துல பாய் முன்னாடி தள்ளும், கீழே தண்ணி பிடிச்சு இழுக்கும். படகு குட்டிக்கரணம்! 2012 அக்டோபர்ல ஆரக்கிள் அணியோட படகும் அங்கேயே இதே மாதிரி திரும்பும்போதுதான் கவிழ்ந்தது. 2021 ஜனவரி 17-ல் ஆக்லாந்தில் ‘பேட்ரியாட்’ படகு எகிறி விழுந்து ஓட்டையானதும் இப்படி ஒரு திருப்பத்துலதான். அன்னிக்கு எதிரணிக்காரங்களும் ஓடிவந்து, மூழ்காம காப்பாத்தினாங்க. அத்தனை பேரும் பத்திரம்.

அந்த ‘பத்திரம்’ சும்மா வரல. சிம்ப்சன் இறந்த பிறகு 37 பாதுகாப்புப் பரிந்துரைகள் வந்துச்சு. போட்டி நடத்துறதுக்கான காற்று வேகத்துக்குக் கடுமையான உச்சவரம்பு, உடம்புக் கவசம், தண்ணிக்கு அடியில மாட்டினா மூச்சுவிட அவசரக் காற்றுக் குடுவைனு எல்லாம் மாறுச்சு. அந்த வருஷ ஃபைனல்ல காத்து எல்லை தாண்டினப்போ, ரசிகர்கள் டி.வி. முன்னாடி உட்கார்ந்திருந்தாலும் ரேஸை நிறுத்தி வெச்சாங்க.

மெஷின் டிசைன் பேப்பர்ல ‘ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி - வரையறு’னு கேட்டா, ரெண்டு மார்க்குக்கு ரெண்டு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுறோம். எல்லை எங்கே இருக்குனு கண்டுபிடிக்கிறவன் ஜெயிப்பான். அந்த எல்லைக்கு எவ்வளவு முன்னாடி நிக்கணும்னு முடிவு பண்றவன்தான் இன்ஜினீயர். அடுத்த செமஸ்டர்ல அந்த ரெண்டு வரியை எழுதும்போது, ஆண்ட்ரூ சிம்ப்சனை ஒரு நொடி நினைச்சுக்கோங்க ஃப்ரெண்ட்ஸ்!