அதிகாரியின் வாய்ச்சொல்லும் சட்டத்தின் சொல்லும்



ஆண்டு மலரில் தல வரலாறும் திருவிழாச் செய்திகளும் இடம் பெறுவதே வழக்கம். இம்முறை உலகியலைச் சார்ந்த ஒரு விஷயத்தை எழுத முற்படுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியன் என்பதால், அரசாங்கக் கடிதங்களைக் கொண்டு வந்து, "வாத்தியாரே, இதில் என்ன போட்டிருக்கிறது, கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்பவர்கள் அநேகர். அவர்களில் பலருடைய சங்கடம் ஒரே மாதிரியானது. "கவுண்டரில் இருந்தவர் அப்படித்தான் சொன்னார், அதனால் அப்படிச் செய்தேன்" என்பார்கள். சொன்னவர் தவறாகச் சொல்லியிருந்தால் நஷ்டம் யாருடையது? இதுவே நம் கேள்வி.

சிலப்பதிகாரத்தை நாம் அனைவரும் அறிவோம். பாண்டிய மன்னன் கெட்டவன் அல்லன். பொற்கொல்லன் சொன்ன தவறான சொல்லை விசாரியாமல் நம்பினான், அநீதி நேர்ந்தது. கண்ணகி சபையில் வெறுமனே அழுதுவிட்டு வரவில்லை. கையில் மற்றொரு சிலம்பை எடுத்துச் சென்றாள். உள்ளே இருந்தது முத்தா, மாணிக்கமா என்று உடைத்துக் காட்டினாள். அரசின் தவற்றை எடுத்துரைக்க ஆதாரம் வேண்டும் என்பது நம் முன்னோர் அன்றே அறிந்த உண்மை.

தவறான ஆலோசனையால் வரும் தீங்கு இரு வகைப்படும்.

முதலாவது, கிடைக்க வேண்டியது கிடைக்காமற் போவது. சமூக நல இலாகாவின் முதியோர் உதவித் தொகை 2025ஆம் ஆண்டு முதல் மாதம் 600 வெள்ளி. தகுதியுள்ள ஒரு பாட்டியிடம், "உங்களுக்குக் கிடைக்காது" என்று ஒருவர் சொல்லிவிட, அவர் மனுச் செய்யாமலே வீடு திரும்பினால், ஆறு மாதத்தில் 3,600 வெள்ளி போய்விடும். இன்னோர் உதாரணம். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகள் நம்மில் ஏராளம். வழியில் விபத்து நேர்ந்தால், "தொழிற்சாலைக்குள் நடக்கவில்லையே, சொக்சோவில் கேட்க முடியாது" என்று யாராவது சொல்லக்கூடும். அது சரியன்று. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியும், திரும்பும் வழியும், அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் சாப்பிடப் போகும் வழியும் பாதுகாப்பில் அடங்கும். சொந்த வேலையாகப் பாதையை விட்டு விலகினால்தான் சிக்கல்.

இரண்டாவது வகை, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பது. "உங்களுக்கு உண்டு" என்று அலுவலகமே கணக்கிட்டுக் கொடுக்கிறது. சில வருடங்கள் கழித்துத் தணிக்கையில் பிழை தெரிகிறது. "அதிகமாகப் பெற்றுவிட்டீர், கட்டிவிடும்" என்று கடிதம் வருகிறது. வாங்கிய பணம் அரிசியாகவும் மருந்தாகவும் என்றோ செலவாகிவிட்டிருக்கும்.

இங்கே சட்டத்தின் நிலையை உள்ளபடி சொல்ல வேண்டும். வீண் நம்பிக்கை ஊட்டுவது தர்மமாகாது. அதிகாரியின் வாக்கு சட்டத்தை மாற்றிவிடாது. 1937ஆம் ஆண்டு லண்டன் பிரிவி கவுன்சில், கனடா நாட்டு வழக்கொன்றில் இதைத் தெளிவாக்கியது. அக்காலத்தில் பினாங்கு வழக்குகளுக்கும் அதுவே இறுதி மன்றம். மின்சாரக் கம்பெனி ஒன்று, ஒரு பால் நிறுவனத்திடம் தவறுதலாகப் பத்தில் ஒரு பங்கு கட்டணமே வாங்கி வந்தது. அந்தக் கணக்கை நம்பிப் பால் நிறுவனம் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்துவிட்டது. ஆயினும், சட்டம் விதித்த கட்டணத்தை வாங்கியே தீர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே, "அவர் சொன்னார்" என்ற ஒன்றை மட்டும் நம்பி வழக்காடினால் பெரும்பாலும் பலிக்காது. "சட்டப்படியே எனக்கு உண்டு" என்பதை முதலில் காட்ட வேண்டும். தவறான ஆலோசனையைத் தாமதத்துக்கு உரிய காரணமாகச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் நீதி அத்தோடு நின்றுவிடவில்லை. இந்தியாவில் ஒரு கல்லூரி நூலகருக்கு முதல்வரின் தவறான முடிவால் உயர்ந்த சம்பளம் கிடைத்தது. அவர் எதையும் மறைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. எனவே கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கக்கூடாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2012இல் ஆசிரியர்கள் சம்பந்தப்பட்ட வேறொரு வழக்கில், பொதுப்பணம் என்பதால் திரும்ப வாங்கலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. பிறகு 2014 டிசம்பரில், பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் என்னும் வழக்கில் ஒரு வரையறை வகுத்தது. கீழ்நிலை ஊழியர்கள், ஓய்வு பெற்றோர், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்போர் ஆகியோரிடமும், ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவிட்ட பணத்தையும் திரும்பப் பிடிக்கலாகாது என்பது அதன் சாரம். கேரளத்தில் 1999இல் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியருக்கு இதே போன்ற வழக்கில் 2022இல்தான் நீதி கிடைத்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! இந்தியத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆயினும் வழக்கறிஞர்கள் அவற்றை எடுத்துக்காட்டி வாதிட இடமுண்டு.

கணினி அனுப்பிய கடிதமும் வேதவாக்கு அன்று. ஆஸ்திரேலியாவில் 2015 முதல், கணினிக் கணக்கை வைத்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழை எளியோரிடம், "கடன் இருக்கிறது, கட்டு" என்று அரசு கேட்டது. கணக்கிட்ட முறையே சட்டவிரோதம் என்று பிற்பாடு தெரிய வந்தது. 2023இல் அரச விசாரணை ஆணையம் அத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

நம் நாட்டிலும் பென்ஷன்காரர்கள் சிலர் சேர்ந்து, 2013இல் செய்யப்பட்ட பென்ஷன் சட்டத் திருத்தத்தை எதிர்த்து வழக்காடினர். கூட்டரசு அரசியலமைப்பின் 147ஆம் விதி பென்ஷன் உரிமையைப் பாதுகாக்கிறது. அதன் அடிப்படையில் 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்திருத்தம் செல்லாது என்றது. 2023 ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசாங்கத்தை எதிர்த்து முறையிடுவது ராஜத் துரோகம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: "கிடைக்காது" என்று வாயால் சொன்னாலும், பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் உங்கள் நகலில் இருக்கட்டும். பின்னால் எந்தத் தேதியிலிருந்து பணம் என்ற கேள்வி எழுந்தால் இதுவே உங்கள் சிலம்பு.

இரண்டு: அலுவலகம் சென்ற நாள், நேரம், பேசியவர் பெயர், சொன்ன சொல் ஆகியவற்றை அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கூடுமானால் பிள்ளையையோ பேரனையோ துணைக்கு அழைத்துப் போங்கள்.

மூன்று: மறுத்த காரணத்தையும் எந்தச் சட்டப்பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் தரும்படி மரியாதையாக மலாய் மொழியில் கடிதம் கொடுங்கள்.

நான்கு: முறையீட்டுக்கு உரிய வழியையும் கெடுவையும் கேட்டறியுங்கள். சொக்சோ முடிவுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு மன்றம் உண்டு. சட்டப் பிரச்சினை இருந்தால் அங்கிருந்து உயர் நீதிமன்றம் செல்லலாம். இலாகாவின் முடிவை உயர் நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு கோருவதானால், பொதுவாக மூன்று மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று காத்திருந்தால் அந்தக் கதவு சாத்திவிடும்.

ஐந்து: பணம் திரும்பக் கேட்டுக் கடிதம் வந்தால் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். உடனே போய்க் கட்டிவிடவும் வேண்டாம். கணக்கு விபரம் கேளுங்கள். பிழை உங்களுடையது அன்று, நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்பதை எழுதுங்கள். கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தாலும் சிறு தவணைகளாகக் கட்ட அனுமதி கோருங்கள்.

ஆறு: தனியே அல்லாடாதீர்கள். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம், சட்ட உதவி இலாகா ஆகிய இடங்களில் விசாரிக்கலாம்.

கவுண்டரில் அமர்ந்திருப்பவரும் நம்மைப் போல் ஒரு குடும்பஸ்தர்தான். நாள் முழுதும் நூறு பேருக்குப் பதில் சொல்பவர். அவரைத் திட்டுவதால் காரியம் கெடும். முடிவை எதிர்த்து முறையிடுங்கள், மனிதரை வையாதீர்கள்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் பொருளால் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் செல்கின்றன. அது பெரும் புண்ணியம். அதே குடும்பத்துக்குச் சட்டப்படி மாதந்தோறும் வர வேண்டிய தொகையை வரச் செய்வதும் அதற்குக் குறைந்த தொண்டு அன்று. மலாய் மொழியில் நன்கு கடிதம் எழுதத் தெரிந்த இளைஞர்கள் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கினால், எழுத்தறியாத எத்தனையோ முதியவர்கள் நிம்மதியாக உறங்குவார்கள்.