முதுகுப் பிடிப்பு
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

ஜேடர்பாளையம் என்றதும் காவிரித் தடுப்பணையும் அங்கிருந்து பிரியும் இராஜவாய்க்காலும் பலருக்கு நினைவு வரும். எனக்கோ வெல்ல ஆலைகளின் புகைதான் நினைவு வரும். கொப்பரை முன் குனிந்து நின்றே என் தந்தையார் எங்களை வளர்த்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதற்கு விலையாக அவருடைய முதுகு போயிற்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கையில், கரும்புக் கட்டைத் தூக்கித் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. 'வாயுப் பிடிப்பு' என்றார்கள். நொச்சித் தழை ஒத்தடம், வறுத்த உப்பு ஒத்தடம் எல்லாம் ஆயிற்று. கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று ஓர் அம்மாளையும் அழைத்து வந்தோம். "சுகமாத்தான் இருக்குது கண்ணு" என்றார் அப்பா. அந்தச் சுகம் மறுநாள் வரைதான். (எலும்பில் கோளாறு இருப்பவருக்கு மிதிப்பது ஆபத்து. நண்பர்கள் முயல வேண்டாம்!) பிறகு ஆண்டுக்கு நான்கைந்து முறை பிடித்தது.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் நானும் ஒரு வைத்தியம் செய்தேன். 'அசையாமல் படுங்கள்' என்று மூன்று வாரம் படுக்க வைத்தேன். கூலி போனதுதான் மிச்சம். எழுந்தபோது முன்னிலும் மோசமாக இருந்தார்.

ஏன் என்பது தசை பற்றிய பாடம் நடந்தபோதுதான் விளங்கியது. தசைநாருக்குள் ஆக்டின், மயோசின் என இருவகை இழைகள் உள்ளன. கால்சியம் வெளிப்பட்டதும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தசை சுருங்குகிறது. இதனை இரு ஆய்வுக் குழுவினர் 1954இல் வெளியிட்டனர். வியப்பு என்னவெனில், தசை தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். பிணம் விறைப்பது ஆற்றல் தீர்ந்ததால்தான். முதுகில் எங்கேனும் நோவு கண்டால், அவ்விடத்தைக் காக்கச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. இறுக்கமே மேலும் வலிக்கிறது. வலிக்குப் பயந்து அசையாதிருந்தால் தசை வலுவிழக்கிறது. வலுவிழந்த தசையுடன் மறுபடி கொப்பரை முன் குனிந்தால் என்ன ஆகும்?

அதே 1954இல்தான் அமெரிக்காவின் ஜான் கென்னடி முதுகில் அறுவை செய்துகொண்டு சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். குடியரசுத் தலைவரான பின், 1961இல், ஹான்ஸ் கிரௌஸ் என்னும் மருத்துவர் அளித்த உடற்பயிற்சியே அவருக்குத் தேறுதல் தந்தது. வெள்ளை மாளிகைக்கும் ஆலைக்கொட்டகைக்கும் முதுகு ஒன்றுதான்.

உலகில் 2020இல் கீழ்முதுகு வலியுற்றோர் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சியையும் நோய் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைக்கின்றன. இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவிக்க வேண்டாம் என்கின்றன. நாங்கள் வாங்கிய பட்டை இப்போது பரணில் கிடக்கிறது.

அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்தது எளியதுதான்: மல்லாந்து படுத்து முழங்காலை மார்போடு அணைத்தல், இடுப்பைச் சிறிது உயர்த்தி இறக்குதல், நாள்தோறும் நடத்தல். நடமாட இயலாதோருக்கு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டிற்கே இச்சிகிச்சை வருகிறது. ஆனால் கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, காய்ச்சலும் சேர்ந்தாலோ ஒத்தடத்தில் காலங்கடத்தாமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

அப்பாவுக்குப் பிடிப்பு அடியோடு போகவில்லை. சென்ற ஆண்டு இருமுறை வந்தது. மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். கொப்பரையின் உயரத்தை மாற்ற ஆலைக்காரர் இசையவில்லை. பாகு கிளறும் துடுப்பின் காம்பை மட்டும் ஒரு முழம் நீட்டித் தந்திருக்கிறேன். பக்கத்துக் கொப்பரைக்காரரும் ஒன்று கேட்டிருக்கிறார்.