நனைந்த கேம் கருவியும் அதற்குள் இருக்கும் படங்களும்

வன்னியில் வெள்ளம் வீட்டு வாசலுக்கு வந்தால் சனம் முதலில் தூக்குவது பிள்ளைகளை. அடுத்தது அடையாள அட்டை, காணி உறுதி, மரணச் சான்றிதழ் எல்லாம் இருக்கும் அந்தப் பையை. இது இடப்பெயர்வுக் காலத்துப் பழக்கம். மேசையில் கிடக்கிற கேம் கருவியை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் நீரில் மூழ்கின. வெள்ளம் வற்றியபின் நான் போன வீடுகளில் சேற்றிலிருந்து எடுத்த போன்களும் கேம் கருவிகளும் முற்றத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்தன. பெரும்பாலானவை வெளிநாட்டு மாமாவோ சித்தியோ அனுப்பியவை.

வெயிலில் காயவிட்டு, பிறகு சார்ஜில் போட்டுப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. கருவியைக் கொல்வதும் பல வேளைகளில் அதுதான்.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் வெள்ளத்தில் வருவது மண்ணும் உரமும் உப்பும் கரைந்த நீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர்கூடச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கரையோரங்களில் உவர் வேறு. அந்த நீர் உள்ளே இருக்கும்போது மின்சாரம் ஓடினால், சுற்றுப் பலகையின் மெல்லிய செப்புத் தடங்கள் அரிக்கத் தொடங்கும். பச்சையும் வெள்ளையுமாகப் படிவு பிடிக்கும். கருவியை நிறுத்தினால் மட்டும் போதாது. பற்றரி இணைப்பில் இருக்கும்வரை சில பகுதிகளில் மின் அழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். ஆகவே முதல் வேலை பற்றரியைக் கழற்றுவது.

பழைய பிஎஸ்பியில் பின்மூடியைத் திறந்து கையாலேயே எடுக்கலாம். நின்டென்டோ டிஎஸ், 3டிஎஸ் வகைகளுக்குச் சிறிய நட்சத்திரத் திருப்புளி வேண்டும். நின்டென்டோ சுவிட்ச் கொஞ்சம் சிக்கலானது. அதன் வெளித் திருகாணிகளில் மூன்று கை கொண்ட வெட்டு இருக்கும், பற்றரியும் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். உரிய திருப்புளி இல்லாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து முற்றாக நிறுத்திவிட்டு, போன் திருத்தும் கடைக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள். கத்தி முனையால் நெம்ப வேண்டாம். பற்றரியில் குத்தினால் தீப்பிடிக்கும்.

அரிசிப் பானைக்குள் புதைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே தேங்கிய நீரை அரிசி இழுத்து எடுப்பதில்லை. மாவும் குறுணலும் துளைகளுக்குள் போவதுதான் மிச்சம். நனைந்த ஐபோனை அரிசிக்குள் வைக்க வேண்டாம் என்று அப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. நீர் முழுவதும் காய்ந்தாலும் அதில் கரைந்திருந்த உப்பு பலகையிலேயே படிந்து நிற்கும். அதுதான் பிரச்சினை. சில நாள் வேலை செய்துவிட்டுப் பிறகு சாகும் கருவிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

எனவே காய வைப்பதைவிடக் கழுவுவது முக்கியம். பற்றரியைக் கழற்றிய பிறகு, சேறோ கடல்நீரோ சோடாவோ பட்ட பலகையைக் காய்ச்சி வடித்த நீரால் அலசலாம். கார் பற்றரிக்கு ஊற்றும் நீர் என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும், அமிலத்தை வாங்கிவிடாதீர்கள். அதன்பின் 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அற்ககோலும் மெல்லிய பற்தூரிகையும் கொண்டு தேய்த்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். திரையில் அற்ககோல் படவேண்டாம். அடுப்போ சூடான காற்றோ வேண்டாம். அற்ககோல் எரியக்கூடியது என்பதால் விளக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

இவ்வளவு பாடுபட்டும் கருவி எழும்பாமல் போகலாம். அப்போதும் அதைக் குப்பையில் போடாதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நான் சந்தித்த ஒரு குடும்பத்தில் பன்னிரண்டு வயதுப் பெடியனிடம் ஒரு 3டிஎஸ் இருந்தது. சுவிஸிலிருந்து மாமா அனுப்பியது. அதிலுள்ள கமராவால் அவன் அம்மம்மாவைப் படம் எடுத்து வைத்திருந்தான். அம்மம்மா காலமாகி ஒரு வருடம். வீட்டு ஆல்பங்கள் எல்லாம் 2009இல் வழியில் விடப்பட்டவை. வேறு படம் இல்லை. கடையில் "இது சரிவராது, எறியுங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். கருவியைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் அதன் பக்கவாட்டில், சின்ன மூடிக்குள், எஸ்டி காட் அப்படியே இருந்தது. துடைத்துக் காயவைத்து, நெற் கடை ஒன்றின் கணினியில் போட்டோம். பதினேழு படங்கள். ஒன்றில் அவ அடுப்படியில் இருந்து, கமராவைப் பார்த்து "எடாத" என்பதுபோலக் கையைக் காட்டுகிறா. தாய் அந்த ஒன்றைத்தான் பெரிதாக்கித் தரச் சொன்னா.

மெமறி காட்டில் நகரும் பாகம் எதுவும் இல்லை. நனைந்தாலும் தரவு பெரும்பாலும் தப்பும். நல்ல நீரில் அலசி, முற்றாகக் காய்ந்தபின் மட்டும் கணினியில் போட வேண்டும். 3டிஎஸ்ஸின் படங்கள் சாதாரணக் கோப்புகள், எந்தக் கணினியிலும் திறக்கும். பிஎஸ்பியில் விளையாட்டுச் சேமிப்புகளும் காட்டிலேயே இருக்கும். சுவிட்சில் அப்படியில்லை. சேமிப்புகள் கருவியின் உள் நினைவகத்தில்தான் இருக்கும், பலகை செத்தால் அவற்றை மீட்பது கடினம். படங்களைக் காட்டுக்கு மாற்றி வைக்கலாம். மழை தொடங்குமுன் பிரதி எடுத்து, அந்தக் காட்டையும் காணி உறுதிப் பைக்குள் போட்டுவிடலாம்.

கழற்றிய பற்றரி உப்பியிருந்தால் மீண்டும் சார்ஜ் செய்யவே வேண்டாம். வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் வேண்டாம், வெடிக்கும். வெறும் மணல் போட்ட தகரப் பேணியில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வெளியே வைத்து, திருத்தும் கடையிலோ பிரதேச சபையிலோ மின்கழிவு எடுக்கும் நாளைக் கேட்டுக் கொடுங்கள்.