முதல் அனிட்டா

‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்தில் அனிட்டாவாக நடித்த ரீட்டா மொரேனோவுக்கு 1962-ல் ஆஸ்கர் கிடைத்தது. அதே கதையை ஸ்பீல்பெர்க் 2021-ல் மறுபடி படமாக்கினார். அதே அனிட்டாவுக்காக அரியானா டிபோஸ் ஆஸ்கர் வாங்கினார். ‘சிகாகோ’ படத்தில் வெல்மா கெல்லியாக ஆடிய கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸுக்கு 2003-ல் அதே விருது. இரண்டு வேடங்களுக்கு மூன்று ஆஸ்கர்கள். அந்த இரண்டு வேடங்களையும் பிராட்வே மேடையில் முதன்முதலாக ஏற்று, இப்படித்தான் இருப்பாள் அனிட்டா, இப்படித்தான் நடப்பாள் வெல்மா என்று உருக்கொடுத்தவர் ஒரே பெண். சீட்டா ரிவேரா. அவர் கைக்கு ஒரு ஆஸ்கரும் வரவில்லை.

சினிமா வழியாக மட்டும் இந்தக் கதைகளை அறிந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. மொரேனோ என்று நினைத்து அவரிடம் வந்து பாராட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் நியூயார்க் நாடக உலகத்தில் அவர் பெயர் தெரியாத மேடைத் தொழிலாளிகூட இருக்க மாட்டார். ஐம்பதுகளில் குழு நடனத்தில் ஆரம்பித்து, 82 வயதில் கதாநாயகியாக நின்றது வரை, வாரத்துக்கு எட்டுக் காட்சி என்ற அந்த மேடையின் கெடுபிடிக்கு உடம்பைக் கொடுத்தவர். பிராட்வேயின் உயரிய விருதான டோனிக்கு 10 முறை பரிந்துரை, இரண்டு முறை விருது, 2018-ல் வாழ்நாள் சாதனைக்காக இன்னொன்று.

பிறந்தது 1933 ஜனவரி 23, வாஷிங்டனில். முழுப்பெயர் டோலோரெஸ் கொஞ்சிட்டா ஃபிகெரோவா டெல் ரிவேரோ. அப்பா போர்ட்டோ ரிக்கோக்காரர். அமெரிக்கக் கடற்படை இசைக்குழுவில் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்தவர். சீட்டாவுக்கு ஏழு வயதானபோது அவர் இறந்துபோனார். ஐந்து குழந்தைகளோடு நின்ற அம்மா கேத்தரின், பென்டகனில் வேலைக்குப் போய் வீட்டை நடத்தினார். பிள்ளைகளில் மூன்றாவதான சீட்டாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஒருநாள் வீட்டுக்குள் குதித்து விளையாடியதில் கூடத்தில் கிடந்த காபி மேசை உடைந்தது. அதன் பிறகு அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த இடம் பாலே பள்ளி.

அந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாஷிங்டனில் அன்று வெள்ளைக்காரர்களின் பாலே பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்க மாட்டார்கள். டோரிஸ் ஜோன்ஸ், கிளேர் ஹேவுட் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் 1941-ல் தாங்களே ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். சீட்டாவின் காலும் முதுகும் பழகியது அங்கேதான். டோரிஸ் ஜோன்ஸ் கறாரான ஆசிரியை. தனக்கு மூடப்பட்ட கதவுகளைத் தன் மாணவிகளாவது திறக்கட்டும் என்று உழைத்தவர். நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்சின் நடத்திய ‘ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே’யின் தேர்வுக்குச் சீட்டாவைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். தேர்வின் நடுவில் சீட்டாவின் விரலில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. பெண் ஆடிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துவிட்ட பாலன்சின், உலகமே கொண்டாடிய அந்த மேதை, தன் கையாலேயே அவள் காலுக்குக் கட்டுப் போட்டார். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

பாலே மேடைக்குப் போக வேண்டிய பெண் பிராட்வேக்கு வந்தது தற்செயல். ‘கால் மீ மேடம்’ நாடகத்தின் சுற்றுப்பயணத்துக்கு ஆடுபவர்கள் தேவைப்பட்டார்கள். தோழி ஒருத்தி ஆடிஷனுக்குக் கிளம்பினாள். துணைக்குப் போன சீட்டாவுக்கு வேலை கிடைத்தது. அடுத்து ‘கேன்-கேன்’. அதில் ஆடிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தவர் க்வென் வெர்டன். குழுவில் ஒருத்தியாக இருந்த இளம்பெண்ணைக் கவனித்த வெர்டன், இன்னொருத்தியின் வேடத்துக்கு மாற்றாளாகக் காத்திருக்காதே, உனக்கென்று ஒரு வேடத்தைத் தேடிக்கொண்டு போ என்று சொன்னாராம். உச்சத்தில் இருக்கும் ஒரு நடிகை தனக்குப் பின்னால் நிற்பவளிடம் இப்படிச் சொல்வது எந்த ஊர் மேடையிலும் அபூர்வம்.

1957 செப்டம்பர் 26, வின்டர் கார்டன் தியேட்டர். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் முதல் காட்சி. ரோமியோ ஜூலியட் கதையை நியூயார்க் தெருவுக்குக் கொண்டுவந்து, வெள்ளைக்காரப் பையன்களின் கும்பலுக்கும் போர்ட்டோ ரிக்கோப் பையன்களின் கும்பலுக்கும் நடக்கும் சண்டையாக்கிய நாடகம். இசை லியோனார்ட் பெர்ன்ஸ்டீன், பாடல்வரிகள் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம், வசனம் ஆர்தர் லாரன்ட்ஸ், இயக்கமும் நடனமும் ஜெரோம் ராபின்ஸ். ராபின்ஸ் வழக்கமான நான்கு வார ஒத்திகைக்குப் பதிலாக எட்டு வாரம் கேட்டு வாங்கினார். எதிரெதிர்க் கும்பல்களாக நடிப்பவர்கள் ஒத்திகைக்கு வெளியேயும் கூடிக் குலாவக் கூடாது என்று பிரித்து வைத்தார். அவரிடம் அடி வாங்காத மனசு கிடையாது என்பார்கள். சீட்டாவோ கடைசிவரை அவரைத் தன்னை உருவாக்கியவர்களில் ஒருவராகவே சொல்லிவந்தார்.

அனிட்டா ஏன் அத்தனை பெரிய வேடம் என்று புரிய, அதற்கு முந்திய வழக்கம் தெரிய வேண்டும். அன்றைய இசை நாடகங்களில் பாடுபவர்கள் ஒரு குழு, ஆடுபவர்கள் ஒரு குழு. 1943-ல் வந்து பெரும் புகழ்பெற்ற ‘ஓக்லஹோமா’வில் கதாநாயகியின் கனவு ஒரு நீண்ட நடனமாக வரும்; நடனம் தொடங்கியதும் நடிகை ஒதுங்கிக்கொள்வார், அவள் இடத்தில் பாலே தெரிந்த வேறொரு பெண் வந்து ஆடுவாள். பார்ப்பவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் அந்த ஒதுங்கல் கிடையாது. கோபம் வந்தால் அந்தக் கோபத்திலேயே ஆட வேண்டும், ஆடிய மூச்சிரைப்போடே பாட வேண்டும், பாட்டு முடிந்த இடத்தில் வசனம் பேச வேண்டும்.

அனிட்டாவின் வேடத்தில் இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்து மோதும். முதல் பாதியில் ‘அமெரிக்கா’ பாட்டு. படத்தில் இது ஆண்களும் பெண்களும் போட்டி போடும் மொட்டைமாடிக் காட்சி. மேடையில் பெண்கள் மட்டும்தான்: ஊர் நினைப்பில் உருகும் ஒருத்தியை அனிட்டா கேலி செய்ய, பாவாடை வீசி, கைதட்டி, காலால் தரையை உதைத்து மேடையே சூடேறும். இரண்டாம் பாதியில் அனிட்டாவின் காதலன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவனையே நேசிக்கும் மரியாவின் எதிரில் நின்று அனிட்டா பாடும் ‘எ பாய் லைக் தட்’ ஆழத்தில், அடித்தொண்டையில் உறுமுகிற பாட்டு. அது முடிந்து, மரியாவுக்காகத் தூது போகும் இடத்தில் வெள்ளைக்காரக் கும்பல் அவளைச் சூழ்ந்து சீரழிக்கப் பார்க்கிறது. சற்று முன்பு மேடையைச் சிரிக்க வைத்த அதே உடம்பு இப்போது ஒரு மூலையில் ஒடுங்க வேண்டும். அந்த அவமானத்தில் அவள் சொல்லும் ஒரு பொய்தான் கதையைச் சாவுக்குத் தள்ளுகிறது. வேறொருத்தி வந்து ஆடிக்கொடுக்க இதில் எங்கே இடம்?

என் கணிப்பில், இன்று பிராட்வேயில் ஆட்டம், பாட்டு, நடிப்பு மூன்றும் தெரியாமல் யாரும் வாசலில் நிற்க முடியாது என்ற நிலை வந்ததற்கு அந்த 24 வயதுப் பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் அந்த ஆண்டு அவர் பெயர் டோனி பட்டியலில்கூட இல்லை.

நாடகத்தில் உடன் ஆடிய டோனி மோர்டென்டேயை அதே ஆண்டு மணந்துகொண்டார். லண்டனில் நாடகத்தைப் போட ஏற்பாடானபோது சீட்டா கர்ப்பிணி. அவர் பிள்ளை பெற்று வரும்வரை தயாரிப்பாளர்கள் காத்திருந்தார்கள். பெண் லிசா 1958-ல் பிறந்தாள். டிசம்பரில் லண்டன் மேடையில் அனிட்டா ஏறினாள்.

1960-ல் ‘பை பை பேர்டி’, ஜோடி டிக் வான் டைக். சீட்டா அதில் ஆடிக்கொண்டிருந்த நாட்களில்தான் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படப்பிடிப்பு நடந்தது. பிறகு ‘பை பை பேர்டி’யும் 1963-ல் படமானது. வான் டைக் படத்துக்கும் போனார். சீட்டாவின் ரோஸ் வேடம் ஜேனட் லீக்குப் போனது. மேடையில் யார் செய்தார் என்பதைவிடச் சுவரொட்டியில் யார் முகம் விலைபோகும் என்று பார்ப்பது ஹாலிவுட்டின் கணக்கு. 1969-ல் வந்த ‘ஸ்வீட் சேரிட்டி’ படத்தில் மட்டும் நாயகியின் தோழியாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேடம் அமைந்தது.

1975-ல் ‘சிகாகோ’. கணவர்களையும் காதலர்களையும் சுட்டுவிட்டுச் சிறையில் இருந்தபடியே புகழுக்கு அடித்துக்கொள்ளும் பெண்களின் கதை. ராக்ஸியாக க்வென் வெர்டன், வெல்மாவாக சீட்டா. உனக்கென்று ஒரு வேடத்தைத் தேடு என்று சொன்னவருக்குச் சமமாக, அதே மேடையில். வெர்டனுக்கு 50 வயது, சீட்டாவுக்கு 42. ஒத்திகை தொடங்கிய நாட்களில் இயக்குநர் பாப் ஃபாஸிக்கு மாரடைப்பு வந்து, எல்லாம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

இருவரும் கடைசியில் சேர்ந்து ஆடும் நடனத்தின் ஒரு பகுதி அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பதிவாகி, இன்று இணையத்தில் கிடைக்கிறது. தேடிப் பாருங்கள். தலையில் தொப்பி. பாய்ச்சலோ தாவலோ கிடையாது. இடுப்பு ஒரு விரற்கடை நகர்கிறது, தோள் ஒன்று மெல்ல ஏறி இறங்குகிறது, மணிக்கட்டு மடங்குகிறது. அவ்வளவே. ஃபாஸியின் நடனம் முழுக்க இந்தச் சிக்கனம்தான். அதைச் செய்யக் காலம் முழுக்கப் பழகிய உடம்பு வேண்டும். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே ஒரே மூச்சில் அசைகிறார்கள். வெர்டனின் அசைவில் ஒரு குறும்பு, சீட்டாவின் அசைவில் ஒரு கூர்மை. படத்தைப் பலமுறை பார்த்த எனக்கு, இந்தச் சில நிமிடங்களைப் பார்த்த பிறகே வெல்மா யார் என்று விளங்கியது.

‘சிகாகோ’வுக்கு 11 டோனி பரிந்துரைகள், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ‘எ கோரஸ் லைன்’ அலை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. அந்த வருத்தத்தைக் காலம் தீர்த்தது: 1996-ல் புதுப்பித்துப் போட்ட ‘சிகாகோ’ பல பத்தாண்டுகளாகப் பிராட்வேயில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2002 படத்தில் சீட்டாவுக்குச் சிறைக்கைதியாக ஒரு கணத் தோற்றம் கொடுத்தார்கள்.

‘சிகாகோ’வின் இசையும் பாட்டும் ஜான் கேண்டர், ஃப்ரெட் எப் இரட்டையருடையவை. அவர்களின் ‘தி ரிங்க்’ நாடகத்தில், 1984-ல், சீட்டாவுக்கு முதல் டோனி வந்தது, 51 வயதில். அதில் அவருக்கு மகளாக நடித்தவர் லைசா மின்னெல்லி.

இரண்டு ஆண்டு கழித்து, 1986 ஏப்ரல் 7 இரவு, மன்ஹாட்டனில் அவர் ஓட்டிவந்த கார் மீது ஒரு டாக்ஸி மோதியது. இடது காலில் 12 இடங்களில் முறிவு. எலும்பைத் தகடும் திருகாணியும் வைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆடுகிறவளுக்கு 53 வயதில் இப்படி நேர்ந்தால், எழுந்து நடந்தாலே போதும் என்றுதான் யாரும் சொல்வார்கள். மாதக்கணக்கில் சிகிச்சையும் பயிற்சியுமாகக் கழித்து அவர் மேடைக்குத் திரும்பினார். 1988-ல் ‘கேன்-கேன்’ நாடகத்தை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுப் பயணம்கூடப் போனார். இனி பழைய உயரத்துக்குக் கால் போகாது என்று அவருக்குத் தெரியும். அதனால் அசைவைக் குறைத்து, ஒவ்வொன்றின் கனத்தையும் கூட்டினார். 1993-ல் ‘கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் உமன்’ நாடகத்தில், லத்தீன் அமெரிக்கச் சிறை ஒன்றின் கைதி கற்பனையில் காணும் சினிமாத் தாரகையாகவும், மரணமே உருவெடுத்த சிலந்திப் பெண்ணாகவும் அவர் ஏற்ற வேடம் இரண்டாவது டோனியைக் கொண்டுவந்தது. வயது 60.

கடைசி பிராட்வே வேடம் 2015-ல் ‘தி விசிட்’, அதே கேண்டர்-எப் இசையில். உலகிலேயே பெரும் பணக்காரியான கிளேர், தன்னைக் கைவிட்டவனின் உயிரை விலைபேசித் தன் ஊருக்குத் திரும்புகிறாள். ஒரு கால் பொய்க்கால், ஒரு கை பொய்க்கை. தகடு வைத்த காலோடு 82 வயதில் சீட்டா அந்தப் பொய்க்கால்காரியாக நின்றார். இளவயது கிளேராக நடித்த பெண்ணோடு அவர் ஆடும் நடனம் ஒன்று உண்டு. அதை அமைத்த கிராசியேலா டேனியேலே, 1975 ‘சிகாகோ’வில் உடன் கைதியாக மேடையில் நின்றவர். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அந்தக் காலால் எது முடியும், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்த ஒருவர் அமைத்த நடனம் அது.

2009-ல் ஒபாமா கையால் அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். 2023-ல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். 2024 ஜனவரி 30 அன்று நியூயார்க்கில் காலமானபோது வயது 91.

படத்துக்கும் மேடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் அறிய விரும்புவோருக்கு ஒரு வழி இருக்கிறது. 1961 படத்தில் ‘எ பாய் லைக் தட்’ மொரேனோவின் குரல் அல்ல. நல்ல நடிகை, நல்ல ஆட்டக்காரி. ஆனால் அந்தத் தாழ்ந்த சுருதி அவருக்கு எட்டாததால் பெட்டி வான்ட் என்பவரைப் பாடவைத்துச் சேர்த்தார்கள். ராபின்ஸ் மேடையில் ஒட்டவைத்ததைப் படம் மறுபடி பிரித்துவிட்டது. நாடகம் அரங்கேறிய மூன்றாம் நாள், 1957 செப்டம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை, கொலம்பியா நிறுவனம் மூலக் குழுவை வைத்தே பாட்டுகளைப் பதிவு செய்தது. அதில் அந்தப் பாட்டை எடுத்துக் கேட்டால், முதல் அடியிலேயே அனிட்டாவின் ஆத்திரம் முழுசாக வந்து நிற்கும். அங்கே பாடுவது சீட்டா ரிவேராதான்.