உங்கள் ஆட்களோடு மட்டும்தானா?

பல்கலைக்கழகத்தில் முதல் வாரம். மாணவர் மன்றங்கள் வரிசையாக மேசை போட்டு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தன. தமிழ் மன்றத்தின் மேசைக்கு முன்னால் நான் தயங்கி நின்றேன். தெம்பனிஸில் தொடக்கப்பள்ளியிலிருந்தே என்னுடன் படித்த சீனத் தோழி அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டாள்: “இங்கே வந்தும் உங்கள் ஆட்களோடுதான் இருக்கப் போகிறாயா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் புளோக்கில் ஒரே தளத்தில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று கலந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. பெயர் கொடுக்காமல் நகர்ந்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் நின்ற இருவர் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள். மடமடவென்று தமிழ் பேசினார்கள். எனக்கோ பாட்டியிடம் மட்டும்தான் தமிழ் தடையின்றி வரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர்தான். எங்கள் வீட்டில் பாட்டி இல்லாவிட்டால் நாங்கள் அந்தக் கணக்கில் வந்திருக்கவே மாட்டோம்.

அந்தப் பருவத்தில் சமூகவியல் பாடத்துக்கு எனக்குக் கிடைத்த கட்டுரைத் தலைப்பு, அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் சகோதரச் சங்கங்கள். ‘ஃபிரட்டர்னிட்டி’, ‘சொராரிட்டி’ என்றதும் ஹாலிவுட் படங்களில் வரும் ஆட்டம் பாட்டம்தான் என் நினைவுக்கு வந்தது. படித்துப் பார்த்தால் கதையே வேறு.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1904-05 கல்வியாண்டில் படித்த ஆறு பேர் மறு ஆண்டு திரும்பி வரவே இல்லை. மற்ற மாணவர்களின் நட்பு வட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை. பழைய தேர்வுத்தாள்களைக் கொடுக்கவோ பாடத்தில் சந்தேகம் தீர்க்கவோ ஆளில்லை. அடுத்து வந்தவர்கள் கூடிப் படிக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுதான் 1906 டிசம்பர் 4ஆம் தேதி, ஏழு மாணவர்களின் முயற்சியில், ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’ என்ற சங்கமானது. மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் அதன் உறுப்பினர். 1908ல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்காக ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’ பிறந்தது. 1913ல் அங்கேயே தொடங்கிய ‘டெல்டா சிக்மா தீட்டா’ சங்கத்தின் மாணவிகள், சில வாரங்களிலேயே வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள்.

எல்லாமே மெச்சத்தக்கது என்று சொல்லமாட்டேன். புதிதாகச் சேர்பவர்களை அடித்தும் அவமானப்படுத்தியும் ‘சோதிக்கும்’ வழக்கத்தால் உயிர்கள் போயிருக்கின்றன. 1990ல் இந்தச் சங்கங்கள் பழைய சேர்ப்பு முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. அதற்குப் பிறகும் ரகசியமாக நடந்ததுண்டு. அப்படி ஒரு சோதனை எனக்கு வைத்திருந்தால் அடுத்த ரயிலிலேயே தெம்பனிஸுக்குத் திரும்பியிருப்பேன்.

கட்டுரைக்காகத் தேடும்போது இரண்டு தமிழ்த் தொடர்புகள் கண்ணில் பட்டன. 1986ல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்த மாணவிகளுள் ஒருவர் கமலா ஹாரிஸ். அவருடைய அம்மா ஷியாமளா கோபாலன் 1958ல், 19 வயதில், தனியாக பெர்க்லிக்குப் படிக்கச் சென்ற தமிழ்ப் பெண். அங்கே அவருக்கு உறவு வட்டமாக அமைந்தது கறுப்பின மாணவர்கள் நடத்திய வாசிப்பு வட்டம். அவர்கள் ஷியாமளாவை ‘நீ எங்கள் ஆள் இல்லை’ என்று வெளியே நிறுத்தவில்லை.

மற்றொன்று நம் ஊரிலேயே நடந்தது. 1950களில் இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் மக்களிடம் நிதி திரட்டி, நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் கிடைக்க வழிசெய்தார்.

சமூகவியல் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. புள்ளியியலில் தேறவில்லை. பாடத்தையே மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உணவகத்தில் பக்கத்து மேசையிலிருந்த அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். தமிழ் மன்றத்தைச் சேர்ந்தவர். தம்முடைய பழைய குறிப்புகளைக் கொடுத்து, “புதன்கிழமை நூலகத்துக்கு வா, நாங்கள் சேர்ந்துதான் படிப்போம்” என்றார். கார்னெல் கதை சட்டென்று நினைவுக்கு வந்தது.

போனேன். இரண்டாம் முயற்சியில் புள்ளியியலில் தேறினேன். மன்றத்திலும் சேர்ந்தேன்.

மன்றத்துக்குள்ளும் சிக்கல் இல்லாமல் இல்லை. கூட்டத்தில் இங்கே பிறந்தவர்கள் ஒரு பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தோம். அவர்களுடைய தமிழைக் கேட்டு நாங்கள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆங்கிலத்தைக் கேட்டு, சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். மதுரை மாணவர் ஒருவர் முதல் பருவம் முழுக்க வார இறுதியில் தனியாகத்தான் தேக்காவுக்குச் சாப்பிடப் போனாராம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பாட்டியும் காய்கறி வாங்க அங்கேதான் இருந்தோம்.

இப்போது நூலகத்தில் புதன்கிழமை மேசை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அவர் எனக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். கோப்பிக் கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’ கேட்பது எப்படி என்று நான் அவருக்குச் சொல்லித்தந்தேன். என் சீனத் தோழியும் எங்களோடுதான் படிக்கிறாள்; புள்ளியியலில் அவள் என்னைவிட மோசம்.

இந்த ஆகஸ்டில் ஆள் சேர்க்கும் மேசைக்குப் பின்னால் நிற்கப்போவது நானும் அந்த மதுரை மாணவரும். தயங்கி நிற்பவர்களிடம் தமிழில் பேசுவதா, ஆங்கிலத்தில் பேசுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. முறுக்கு கொடுத்தால் தானும் வந்து நிற்பதாகத் தோழி சொல்லியிருக்கிறாள்.