வறட்சியும் நெல் வித்தின் குணமும்

திருவாடானைத் தாலுகாவில் நெல் பெரும்பாலும் மழையையும் கண்மாயையும் நம்பியே விளைகிறது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது இப்பக்கத்து வழக்கம். மழை பிந்தினால் ஒரு வயல் கருகிப்போகும். வரப்புக்கு அப்பால் வேறு ரகம் விதைத்த வயல் இலை சுருண்டு நின்று, மழை கண்டதும் தழைத்துவிடும். மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று. வேற்றுமை வித்தினுள் இருக்கிறது.

நெற்பயிரின் உயிரணு ஒவ்வொன்றிலும் 12 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட இழை அவற்றில் சுருண்டிருக்கிறது. நால்வகைப் பொருள்களே எழுத்துக்களைப்போல் அவ்விழையில் வரிசையாக அமைந்துள்ளன. இந்தியா உட்படப் பல தேசத்து விஞ்ஞானிகள் 2005-ஆம் வருஷத்தில் இவ்வரிசையைப் படித்து வெளியிட்டபோது, அதன் நீளம் ஏறக்குறைய 39 கோடி எழுத்து எனக் கணக்காயிற்று.

இத்தனை கோடியில் ஓர் எழுத்து குறைந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஐ.ஆர். 64 நெல்லில், வேர் இறங்கும் கோணத்தை ஆளும் மரபலகு ஒன்றில் ஒரே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. வேர் மேலாகவே படர்ந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ் தேசத்து மேட்டு நெல்லாகிய கினந்தாங் படோங்கில் அவ்வெழுத்து உள்ளது. அதன் வேர் ஆழ இறங்குகிறது. அந்த அலகை ஐ.ஆர். 64-இல் புகுத்தியபோது வறட்சியிலும் மணி பிடித்ததாக ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்டனர்.

மாறுதல் தானாகவும் தோன்றும். கோயம்புத்தூரில் 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24 என்னும் கீர்த்தி பெற்ற நெல், கோனாமணியில் இயற்கையாக உண்டான மாறுதலே.

ராமநாதபுரம் ஜில்லாவின் பழைய நெல்லாகிய நொறுங்கன் வறட்சி தாங்குவதில் பேர்பெற்றது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், இத்தகைய நாட்டு ரகம் பல தனி வமிசங்கள் சேர்ந்த கூட்டமாக இருக்கும். கலப்படம் என்று பிடுங்கி எறியப்படும் செடியே மழை தவறிய வருஷத்தில் கதிர் ஈனக்கூடும். கைவிட்ட ரகத்தோடு அதன் எழுத்துக்களும் போய்விடும். அவற்றைப் பின்னர் எக்கடையிலும் வாங்க இயலாது.

ஆகையால் நாட்டு ரகம் வைத்திருப்போர், வறண்ட வருஷத்தில் மணி பிடித்த செடிகள் பலவற்றிலிருந்து கதிர்களை வித்துக்குக் கொய்தல் நலம். பள்ளத்தில் நின்று செழித்ததை எடுக்கலாகாது. அச்செழிப்பு நீரால் வந்தது, வித்தினால் அன்று. மேட்டில் விளைந்த கதிர்களை மறுவருஷம் கதிருக்கு ஒரு வரிசையாக விதைத்துப் பார்த்தால் எது உண்மைக் குணம் என்பது தெரியும்.